எட்டு சென்ட் நாத்தங்கால்

வாடா பேராண்டி, இப்பிடித் திண்ணையில குந்து. உன் ரூமுக்குள்ள காலு வெக்கவே பயமா கீது. செவுரு பூரா மஞ்சத் தாளு, பச்சைத் தாளு, ரோஸ் தாளு. நேத்து எட்டிப் பாத்துட்டு, இன்னாடா இது, வெள்ளானூரு கழனியில பிளாட் போட்டது பத்தாதுன்னு நம்ம ஊட்டுக்குள்ளயும் போட்டுட்டானுங்களான்னு நெனைச்சேன். கலர் கொடி நட்டு, வெள்ளைக் கல்லு பொதைச்சி, இங்க பார்க்கு வருது, அங்க ஸ்கூலு வருதுன்னு மேப்பைக் காட்டுவானுங்களே, அதே அழகு. அந்தப் பார்க்குல இன்னிக்கி வரைக்கும் ஆடுதான் மேயுது.

உங்கம்மாதான் வெவரம் சொன்னா. “மாமா, அவன் நாவல் எழுதப் போறான். நவம்பர் ஒண்ணாந் தேதி ஆரம்பிச்சி முப்பதாந் தேதி முடிக்கணுமாம். 50,000 வார்த்தை.” சரி, இப்ப இன்னா பண்றான்னு கேட்டேன். “ரெண்டு மாசமா அதுக்குத் திட்டம் போட்டுனு இருக்கான்”ன்னா. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு. நான் சிரிக்கல. நான் ஏன் சிரிக்கப் போறேன்? மாடு வாங்கறதுக்கு முன்னாடியே மோருக்கு உப்பு போட்டு வெக்கிறவன் சாமர்த்தியசாலி இல்லியா?

கோவிச்சுக்காத, கீழ உழுந்து கெடந்த ஒரு தாளை எடுத்துப் படிச்சேன். கதாநாயகன் பேரு, ஒசரம், ரத்த வகை, புடிச்ச கலரு, சின்ன வயசுல நாய் கடிச்சுதா இல்லியா. எண்ணிப் பாத்தேன், 42 கேள்வி. வருசா வருசம் இதே நவம்பர்ல நானும் ஒரு தாளு எழுதிக் குடுக்குறேன், பென்சனுக்கு, உசுரோட கீறேன்னு. அது ஒரே பக்கம். கவர்மெண்ட்டே ஒரு பக்கத்துல நம்பிடுது. உன் ஆளு உசுரோட கீறான்னு நம்பறதுக்கு உனக்கு 42 கேள்வி தேவைப்படுது.

அத்தனையும் படிச்சேன். ஒண்ணுதான் கெடைக்கல. அவன் கையில ஓலை கீதான்னு தேடினேன்.

இன்னா முழிக்கிற? ‘பொன்னியின் செல்வன்’ படம் ஆவடி தியேட்டர்ல மொத நாளே பாத்தவனாச்சே நீ. கல்கி அந்தக் கதையை 1950 அக்டோபர் கடைசியில ஆரம்பிச்சாரு. வாராவாரம் பத்திரிகையில வந்து, 1954ல முடிஞ்சிச்சி. அஞ்சு பாகம். எப்பிடி ஆரம்பிச்சாரு? ஆடிப் பதினெட்டு, ஒரு ஏரிக்கரை, ஒரு குதிரை, குதிரை மேல ஒரு வாலிபப் பையன். வந்தியத்தேவனுக்கு ரத்த வகை இன்னான்னு இன்னி வரைக்கும் ஒருத்தரும் கேக்கல. ஆனா அவன்கிட்ட ஓலை கீது. காஞ்சிபுரத்துலேர்ந்து எளவரசன் குடுத்த ஓலை, அப்பாவுக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணு. அதைக் கொண்டுபோய்ச் சேக்கணும். அவ்ளோதான். மொத நாளு ராத்திரியே பையன் கடம்பூர் மாளிகையில படுத்துக்கினு, கேக்கக் கூடாத சேதியைக் கேட்டுப்புட்றான். அப்பால ஓலையைச் சேக்கறதுக்குள்ள எத்தினி பேரு குறுக்க வராங்க! அஞ்சு பாகம் ஓடுறதுக்கு மொதல் உந்து அந்த ஓலைதான்.

அந்த ஏரிதான் வீராணம் ஏரி. அந்தத் தண்ணி 2004லேர்ந்து கொழாயில மெட்ராசுக்கே வருது, அது தெரியுமா? கல்கி மொத அத்தியாயத்துத் தண்ணியை மாம்பலத்துல புடிச்சிக் குடிக்கிறாங்க. சரி, அது வேற பேச்சு.

உன் ஆளு கையில இன்னா கீது? அவன் எங்க போவணும், இன்னிக்கிப் போவலன்னா யாருக்கு இன்னா கெட்டுப் போவும்? இது ஒண்ணுக்குப் பதில் எழுதிட்டா, மீதித் தாளையெல்லாம் ஆயாகிட்ட குடு. வென்னீர் அடுப்புக்கு ஆவும்.

இரு, நான் திட்டமே வோணான்னு சொல்ல வரல. நான் 32 வருசம் டேங்க் பேக்டரியில வேலை பாத்தவன். டிராயிங் இல்லாம அங்க ஒரு போல்ட்டைத் தொட முடியாது. விஜயந்தா டேங்குக்கு விக்கர்ஸ் கம்பெனி டிராயிங்கு சீமையிலேர்ந்து வந்துச்சி. அதைப் பாத்துப் பாத்துத்தான் செஞ்சோம். ஆனா டிராயிங் மேல ஏறிக் குந்திக்கினு யாரும் சண்டைக்குப் போவல, பாத்துக்கோ.

எவ்ளோ திட்டம் வோணும்னுதானே கேக்குற? கழனிக் கணக்கு சொல்றேன். இப்ப நீ ஏசி போட்டுக்கினு படுக்கிற ரூமு கீதே, அங்கதான் ஒரு காலத்துல நம்ம நாத்தங்கால். ஒரு ஏக்கரு நடணும்னா எட்டு சென்ட்டுல நாத்து உட்டாப் போதும். நூத்துக்கு எட்டு. உன் 50,000 வார்த்தைக்குக் கணக்குப் போட்டா 4,000 வருது. நீ உட்ட நாத்து எவ்ளோ? உங்கம்மா சொன்னா, திட்டமே 38,000 வார்த்தை ஆயிடுச்சாம். ஏக்கரு பூரா நாத்தை உட்டுட்டு நடவு எங்கடா நடுவ? பக்கத்து ஊட்டுக்காரன் மொட்டை மாடியிலயா?

இன்னொண்ணும் கீது. சம்பா நாத்துன்னா 25 நாளு, மிஞ்சிப் போனா 30 நாளு. அதுக்குள்ள புடுங்கி நட்டுடணும். ஏரியில தண்ணி வரட்டும், ஆளு கெடைக்கட்டும்னு நாளைக் கடத்தினா நாத்து முத்திப் பூடும். கணு வெச்சிடும். பாக்குறதுக்கு நல்லா ஒசரமா, பச்சைப் பசேல்னுதான் நிக்கும். அதை நட்டா தூரு கட்டாது. ஒத்தைக் குச்சியா நின்னு, சீக்கிரமே ஒரு சோனிக் கதிரை நீட்டிட்டு சோலியை முடிச்சிக்கும். உன் திட்டத்துக்கு இப்ப வயசு அறுவது நாளு. செவுத்துலயே கதிர் வந்துடப் போவுது, போயிப் பாரு.

இந்த மாசப் பந்தயம் எங்கேர்ந்து வந்துச்சின்னு உன் தம்பி போன்ல படிச்சிக் காட்டினான். நானோரைமோவாம், கொழந்தையைத் தொட்டில்ல போட்டுப் பாடுற பாட்டு மாதிரி ஒரு பேரு. 1999ல அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோ பக்கம் கிறிஸ் பேட்டின்னு ஒருத்தரு, கூட்டாளிங்களைச் சேத்து மொத்தம் 21 பேரா ஆரம்பிச்சிருக்காங்க. மொத வருசம் ஜூலையில. அடுத்த வருசம் நவம்பருக்கு மாத்திக்கினாங்க. வெளிய தலை காட்ட முடியாத பருவம், உள்ள குந்தி எழுதலாம்னு. வளந்து வளந்து லச்சக்கணக்கான பேரு எழுதினாங்க. அப்பால அந்த அமைப்பே 2025 மார்ச்சுல கடையை மூடப் போறோம்னு சொல்லிடுச்சி. பேக்டரி மூடின பின்னாடியும் நீ ஓவர்டைம் பாக்குற. நல்ல புள்ள.

அவங்க ஊரு நவம்பரு குளிரு. நம்ம ஊரு நவம்பரு இன்னான்னு உனக்குத் தெரியாதா? ஐப்பசி கார்த்திகை. நிவர் புயல் கரையேறினது 2020 நவம்பர் 25 ராத்திரி. செம்பரம்பாக்கத்தைத் தொறந்து உட்டதும் அன்னிக்கித்தான். உன் செவுத்துல 25ஆம் நாளுக்கு இன்னா எழுதிக் கீற? ‘உச்சக்கட்டம்’. கரெக்ட்டுதான். கரண்ட்டு இருக்காது, மோட்டார் ஓடாது, மாடியிலேர்ந்து உங்கப்பன் பக்கெட்டைத் தூக்கினு கத்துவான். அதுதான் உச்சக்கட்டம்.

ஒரு நாளைக்கு 1,667 வார்த்தைன்னு பிரிச்சி வெச்சிருக்கியே, அதுல முகூர்த்தத்தைக் கழிச்சியா? திருநின்றவூர்ல உன் மாமன் பொண்ணு கல்யாணம், மொத நாளு ரிசப்சன், மறுநாளு தாலி. பூந்தமல்லியில ஒரு காது குத்து. கார்த்திகை தீபத்துக்கு அகல் எடுத்துக் கழுவுறவன் நீதான், ஆயாவால முடியாது. மழைக்கு நாலு நாளு. ஜொரத்துக்கு ரெண்டு நாளு, வருசா வருசம் உனக்கு வருது. இதெல்லாம் போனா கையில நிக்கிறது இருவது நாளு. 50,000த்தை இருவதால வகு. 2,500. கத்தரிப்பூ கலரு யாருக்குப் புடிக்கும்னு தாளு ஒட்டினியே, இந்தக் கணக்குக்கு ஒரு தாளு ஒட்டினியா?

வார்த்தைக் கணக்குலயும் ஒரு குசும்பு கீது. ‘வந்துகொண்டிருந்திருக்கலாம்’. நமக்கு இது ஒரே வார்த்தை. இதையே இங்கிலீசுல எழுதுறவனுக்கு நாலஞ்சு வார்த்தை தேறும். அவன் கணக்குல 50,000ங்கிறது சின்னதா ஒரு பொஸ்தகம். தமிழ்ல அதே எண்ணிக்கை எழுதினா தலைகாணி மாதிரி வரும். பந்தயத்தை வெச்சவன் தமிழைக் கணக்குல எடுத்துக்கல, பாவம். அதுக்குன்னு நீ பண்ற வேலையும் நான் பாத்துட்டேன். ‘வந்து கொண்டு இருந்து இருக்கலாம்’னு நடுவுல எடம் உட்டு உட்டு நாலாப் பிரிச்சி வெக்கிற. பால்காரன் தண்ணி ஊத்தினா ஆயா வுடுவாளா? நீ காத்தை ஊத்துற.

ஒரு மாசத்துல எழுத முடியுமான்னு சந்தேகம் வந்தா, ஆவடி லைப்ரரிக்குப் போயி தஸ்தயெவ்ஸ்கி கதையைக் கேட்டு வாங்கிப் படி. 1866. அந்த மனுசன் ஒரு பதிப்பாளர்கிட்ட கடனுக்குக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கினாரு. நவம்பர் ஒண்ணாந் தேதிக்குள்ள ஒரு புது நாவல் குடுக்கணும். குடுக்கலன்னா ஒம்போது வருசத்துக்கு இவரு இன்னா எழுதினாலும் அவன் சும்மாவே அச்சடிச்சிக்குவான். நீ தொடங்குற தேதி, அவருக்குக் கெடு தேதி. அக்டோபர் பொறந்தும் கையில ஒண்ணும் கெடையாது. சுருக்கெழுத்து தெரிஞ்ச ஒரு பொண்ணை ஏற்பாடு பண்ணி, இவரு சொல்லச் சொல்ல அது எழுதி, 26 நாள்ல ‘சூதாடி’ முடிஞ்சிச்சி. அடுத்த வருசம் அந்தப் பொண்ணு அன்னாவையே கட்டிக்கினாரு. உடனே உன் மூஞ்சி மலருது பாரு. உனக்குக் கெடைச்சது போன்ல பேசினா எழுதுற ஆப்பு. அதைக் கட்டிக்க முடியாது.

ஆனா அதுல ஒரு சூட்சுமம் கீது. அந்த 26 நாளு வானத்துலேர்ந்து குதிக்கல. மூணு வருசத்துக்கு முந்தி 1863லயே ஒரு சிநேகிதருக்கு எழுதின கடுதாசியில அந்தக் கதை இன்னதுன்னு சொல்லிட்டாரு. வெளிநாட்டுல சுத்துற ஒரு ரஷ்யாக்காரன், அவன் பலமெல்லாம் சூதாட்ட மேசையில கரையுதுன்னு. ஒரு கடுதாசிடா. செவுரு கெடையாது. அப்பால சூதாட்டத்தைப் பத்தி அவரு யாரையும் விசாரிக்க வேண்டியதே இல்ல. அவரே சூதாடிச் சூதாடிக் கையில இருந்ததைத் தொலைச்ச மனுசன். தோத்தவனுக்கு வயித்துல இன்னா பண்ணும்னு அவருக்குத் தெரியும்.

அதான் உன்கிட்ட கேக்க வந்தேன். உன் கதை ஊட்டியில நடக்குது. பழைய பங்களா, மூணு கொலை, பனிமூட்டம். பனிமூட்டத்துக்கே தனியா நீலத் தாளு. எந்த அத்தியாயத்துல எவ்ளோ பனின்னு அளவு வேற. நீ ஊட்டிக்கு எப்ப போன? எட்டாங்கிளாஸ் டூர்ல. மேட்டுப்பாளையம் தாண்டி பஸ்ஸு வளைய ஆரம்பிச்சதுலேர்ந்து வாந்தி. கூடப் படிக்கிற பசங்க எல்லாம் ஜன்னலுக்கு வெளிய மலையைப் பாத்தாங்க, நீ பிளாஸ்டிக் கவரைப் பாத்த. திரும்பி வந்து உங்கம்மா மடியில படுத்துக்கினு மலையே வோணாம்மான்னு அழுத. ஊட்டியைப் பத்தி உனக்கு சத்தியமாத் தெரிஞ்சது அந்த வாந்தி ஒண்டிதான். அது எந்தத் தாள்ல கீது?

சிரிக்காத, நெசமா கேக்குறேன். உன் துப்பறியறவன் ராத்திரியில காரு ஏறி மேல போறான். கொலைகாரன் முன்னாடி காருல போறான். இவனுக்கு ரெண்டாவது வளைவுலயே கொமட்டுது. வண்டியை நிறுத்தினா ஆளை உட்ருவான், நிறுத்தலன்னா சட்டை நாறிடும். இப்ப எனக்கே அடுத்தது இன்னான்னு கேக்கணும்போல கீது. இதைக் கண்டுபுடிக்க எந்த மேப்பும் வோணாம்.

கொலைக் கதைன்னா எங்க காலத்து ஆளுங்களைப் பாரு. ஷிப்டு முடிஞ்சி ஆவடி ஸ்டேசன்ல நிக்கும்போது கடையில மாத நாவல் தொங்கும், பாக்கெட்டுல மடிச்சி வெக்கிற சைசு. சென்ட்ரல் போயிச் சேர்றதுக்குள்ள பாதி முடிஞ்சிடும். ராஜேஷ்குமார் 1,500 நாவலுக்கு மேல எழுதிட்டாரு. மாசத்துக்கு ஒண்ணுன்னு நீ மெரட்டுறியே, அந்த மனுசனுக்கு அது சாதாரணம். அவரு கதையில பெரும்பாலும் ரெண்டு தண்டவாளம் ஓடும். ஒரு அத்தியாயம் கோயமுத்தூர்ல ஒரு பொண்ணு, அடுத்த அத்தியாயம் எங்கியோ வேற ஊர்ல ஒரு ஆளு. ரெண்டுத்துக்கும் இன்னா சம்மந்தம்னு நம்ம மண்டை காயும். கடைசியில ரெண்டும் வந்து முட்டும். ஒண்ணு அலுத்தா இன்னொண்ணுக்குத் தாவலாம், படிக்கிறவனுக்கும் சரி, எழுதுறவனுக்கும் சரி. கடன் வாங்கிக்க, தப்பில்ல.

ஆனா நீ ஏழு கிளைக்கதை போட்டுக் கீற. கிளைக்கதைன்னா அது எங்கியாவது திரும்பி வந்து சேரணும். இல்லாட்டி பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் வண்டி மாதிரி ஆயிடும். திருவள்ளூர் போவும்னு நெனைச்சி ஏறிக் குந்தினவன், சைடிங்ல எறங்கி, முன்னாடி தண்டவாளமே இல்லியேன்னு நிப்பான். நானே ஒருதரம் தூங்கிப் போயி அங்க நின்னவன். சொந்தத் தப்புதான், போர்டைப் பாக்கல.

மேசை வேற வாங்கியிருக்க. எழுதுறதுக்குன்னே மேசையாம், மேல தூக்கலாம், எறக்கலாமாம். அசோகமித்திரன் தி.நகர்ல நடேசன் பூங்காவுல குந்திக்கினு எழுதினவரு. அவரு ‘தண்ணீர்’ நாவல்ல மெட்ராசுக்காரங்க கொடத்தைத் தூக்கினு அலையற அலைச்சலைப் படிச்சா, ராத்திரி எழுந்திரிச்சி கொழாயைத் தொறந்து பாக்கத் தோணும். அதுக்கு மேசை ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. வாங்கினது வாங்கிட்ட, இருக்கட்டும். ஆயா அது மேல வடாம் காயவெக்கலாமான்னு கேக்குறா.

அப்பால, ஊரெல்லாம் கதையைச் சொல்லினு திரியாத. டீக்கடையில சொன்ன, ஜிம்முல சொன்ன, கெணத்து மோட்டார் ரிப்பேர் பண்ண வந்தவன்கிட்ட சொன்ன. அவன் கொலைகாரன் யாருன்னு கண்டுபுடிச்சிட்டுப் பூட்டான், காசும் வாங்கினு. அஞ்சு பேருகிட்ட வாயால சொல்லிட்டா, எழுதும்போது பழைய சோறு மாதிரி ஆறிப் பூடும். சோறு வடிக்கிறதுக்கு முன்னாடி மூடியைத் தொறந்து தொறந்து காட்டுவாங்களா?

முடியலன்னா இன்னா பண்றதுன்னு நேத்து உங்கம்மாகிட்ட பொலம்பினியாமே. முடியாமப் போறதுல உனக்கு நல்ல தொணை கீது. பாரதியார் ‘சந்திரிகையின் கதை’யைப் பாதியில உட்டுட்டுத்தான் 1921ல போய்ச் சேந்தாரு. புதுமைப்பித்தன் ‘அன்னை இட்ட தீ’ன்னு ஒரு நாவலு ஆரம்பிச்சாரு, அதுவும் முடியல. அவங்க உட்டுட்டுப் போன பாதியை இன்னிக்கும் பொஸ்தகமாப் போட்டு விக்கிறாங்க. ஆனா ஒண்ணு, ரெண்டு பேருமே திட்டத்தை உட்டுட்டுப் போவல, எழுதின பக்கத்தை உட்டுட்டுப் போனாங்க. உன் செவுத்தை எவன் அச்சடிப்பான்?

முப்பது நாளுல வர்றதும் நெல்லு கெடையாது, அதையும் இப்பவே சொல்லிடறேன். முப்பதாந் தேதி ராத்திரி நீ முடிச்சிட்டேன்னு குதிப்ப. குதி. பாயசம் வெக்கச் சொல்றேன். மறுநாளு அதைத் தொறந்து படிச்சா உனக்கே கொமட்டும், ஊட்டி மாதிரி. அப்பதான் வேலையே ஆரம்பிக்குது. களை எடுக்கணும், தண்ணி கட்டணும், ஆனைக்கொம்பன் வந்திச்சான்னு பாக்கணும். சு. வெங்கடேசன் ‘காவல் கோட்டம்’ எழுதறதுக்குப் பத்து வருசம் ஆச்சின்றாங்க. ஜெயமோகன் ‘வெண்முரசு’ன்னு 2014 சனவரி ஒண்ணாந் தேதி ஆரம்பிச்சி, தெனமும் அத்தியாயம் போட்டு, 26 நாவலா 2020லதான் நிறுத்தினாரு. உன்னை ஆறு வருசம் எழுதுன்னு சொல்லல, நடுங்காத. உன் ஆயா அவ்ளோ நாளு ரூமைப் பெருக்காம இருக்க மாட்டா.

இன்னும் நாலு நாளு கீது நவம்பருக்கு. இன்னா பண்றன்னா, நாளைக்கிக் காலையில போனை ஊட்டுல வெச்சிட்டு, ஆவடி வரைக்கும் நடந்து போயிட்டு வா. பஸ்ஸு வோணாம். உன் துப்பறியறவனைக் கூட இட்டுனு போ. வழியில எது அவன் கண்ணுல படுது, எதுக்கு எரிச்சலாவுறான், டீக்கடையில சில்லறை இல்லன்னா இன்னா சொல்றான், யாரைப் பாத்தா ரோட்டுக்கு அந்தாண்ட போயிடுறான். திரும்பி வரும்போது அவன் உன்கிட்ட ஒரு வார்த்தையாவது எதிர்த்துப் பேசியிருந்தான்னா, தாளையெல்லாம் கிழிச்சிடு. பேசலன்னா மறுநாளும் நட. தொப்பையாவது கொறையும்.

தாளுல எட்டு சென்ட்டு வெச்சிக்க. ஓலை எதுன்னு ஒரு தாளு. யாருகிட்ட சேருதுன்னு ஒரு தாளு. சேரும்போது எவ்ளோ நேரம் கடந்து போச்சின்னு ஒண்ணு. அந்த வாந்தி ஒண்ணு. நடுவுல இன்னா நடக்கும்னு எனக்குத் தெரியாதுன்னு பெருசா எழுதி ஒண்ணு ஒட்டு, அதுதான் உன்னை மறுநாளு காலையில எழுப்பி உக்கார வெக்கும்.

தோ, தூறல் போடுது. அந்தக் கயித்துக் கட்டிலை உள்ள இழு. உங்கப்பன் மாடியில துணி காயப்போட்டான், அதையும் பாரு.

ஏய், இரு இரு. மஞ்சத் தாளு மீந்தா ரெண்டு குடுத்துட்டுப் போ. மாத்திரை டப்பா மேல காலையில எது, ராத்திரி எதுன்னு எழுதி ஒட்டணும். ஒட்டுறது கெட்டியா ஒட்டுமா? போன மாசம் உன் தாளு ஒண்ணு எடுத்து ஒட்டினேன், ரெண்டு நாளா ராத்திரி சக்கரை மாத்திரைக்குப் பதிலா ‘வில்லன் அறிமுகம்’னு படிச்சிட்டு முழுங்கினு இருந்தேன்.